நாற்பத்து நான்கு அங்குலம்

துலூத் நகர மன்றத்தில் மூன்றாம் சாளரம் என்னுடையது.
சாளரம் என்று பெயர்தான், திறக்காது.
கண்ணாடிக்கு அடியில் ஒரு கை நுழையும் சந்து;
ஊரில் எழும்பப் போகும் வீடெல்லாம்
அதன் வழியே சுருட்டிய தாளாக வந்து சேரும்.

"வேலையின் மதிப்பு" என்ற கட்டத்தில்
எல்லாப் பேனாவும் ஒரு கணம் நிற்கும்.
மதிப்பைப் பார்த்துத்தான் கட்டணம்;
இங்கே வரும் எல்லோருக்கும் அது தெரியும்.
வாயால் சொல்லும்போது அகல விரிந்த சமையலறை
எழுதும்போது எட்டாயிரம் டாலருக்குள் ஒடுங்கிக்கொள்ளும்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.
சதுர அடிக்கு இவ்வளவு என்ற அட்டவணை கேட்டுக்கொள்ளும்.

வரிப்பணத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் இல்லை.
கட்டுகிறவர்கள் கட்டினால்தான் சம்பளம்.
கட்டடத்துக்கும் கட்டணத்துக்கும்
ஓர் எழுத்துதான் வேறு;
அந்த எழுத்தில் ஏழு பேர் குடியிருந்தோம்.

வட்டி ஏறியது. சுருள்கள் குறைந்தன.
ஏழு ஐந்தானது.
நவம்பரில், நிதிப் பிரிவின் டெல்பர்ட் வுவோரி
எங்கள் கணக்கில் மிச்சமிருந்த நான்கு லட்சத்தைப் பார்த்து
"உபரி" என்று எழுதினார்.
பனி தள்ளும் வண்டிக்கு ஆகும் என்றார்.
நல்ல மனிதர். மீன் பிடித்தால் அலுவலகத்துக்கே பங்கு வைப்பார்.
ஆனால் அது உபரி இல்லை, டெல்பர்ட்.
போன வருடம் பணம் வாங்கிக்கொண்டு
இன்னும் போய்ப் பார்க்காத கூரைகள்.
சுவரை மூடும் முன்
யாராவது தொட்டுப் பார்க்க வேண்டிய மின்கம்பிகள்.
வாங்கியாயிற்று, கொடுக்கவில்லை:
எங்கள் வீட்டில் அதற்குக் கடன் என்று பெயர்.

மார்லிஸ் ஹாக்ஸ்டாட்டின் அளவுகோலில்
ஐந்தடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும்.
இந்த ஊரில் உறைபனி மண்ணுக்குள் அவ்வளவு தூரம் இறங்கும்;
அதற்கு மேலேயே நின்றுவிட்ட அஸ்திவாரத்தைப்
பனிக்காலம் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.
கான்கிரீட் ஊற்றும் முன் அவள் குழிக்குள் கோலை விடுவாள்.
ஊற்றியபின் யாருக்கும் தெரியாது,
மண்ணைத் தவிர.

டிசம்பர் ஒன்பது, மேட்டுத் தெரு.
ரேமண்ட் கிங்பேர்ட் தன் மகளுக்காக
நிலவறையில் ஓர் அறை எடுத்திருந்தார்.
ஊதா வண்ணம் அடித்து முடித்தாகிவிட்டது.
தரையிலிருந்து சன்னல் விளிம்பு நாற்பத்தேழு அங்குலம்.
சட்டம் சொல்வது நாற்பத்து நான்கு.
"மூன்று அங்குலம்" என்றார் ரேமண்ட்.
"மூன்று அங்குலம்" என்றாள் மார்லிஸ்.
"மறுபடி வர எழுபத்தைந்து டாலர்.
நான் தவறினால் உங்களுக்குத்தான் வரவு, இல்லையா?"
அவள் பதில் சொல்லவில்லை.
ஒன்பது வயது டேனிகாவைக் கூப்பிட்டு
விளக்கை அணைத்தாள்.
"வெளியே போ, பார்க்கலாம்."
இருட்டில் முழங்கால் சுவரில் உரசும் சத்தம்.
மறுபடியும் அதே சத்தம்.
ரேமண்டே விளக்கைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, எழுபத்தைந்து டாலர் சந்து வழியே வந்தது.
ரசீது கொடுத்தேன். மறு பார்வை: ஜனவரி ஆறு.
மார்லிஸின் வேலை முடிவது: டிசம்பர் முப்பத்தொன்று.
வரப்போகாத ஒருத்திக்காகப் பணம் வாங்கிய ரசீதை
நகலெடுத்து, அந்த "உபரி"த் தாளோடு பின் அடித்து
டெல்பர்ட்டுக்கு அனுப்பினேன்.
வேறு ஒன்றும் எழுதவில்லை.
பதிலும் இதுவரை இல்லை. மன்றம் செவ்வாயன்று கூடுகிறது.

முப்பதாம் தேதி, பட்டியலில் இல்லாத முகவரிக்கு
அவள் போயிருக்கிறாள்.
நாற்பத்து மூன்றரை. வெட்டிய கான்கிரீட்டின் தூசி
ஊதாச் சுவரில் அப்படியே இருந்ததாம்.
விளக்கு அணைந்தது. பதினொரு நொடி. அறை காலி.
மஞ்சள் அட்டையில் அவள் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கையில்
வெளியே, முழங்கால் ஆழப் பனியில்
காலுறையோடு நின்றுகொண்டு டேனிகா
கண்ணாடியைத் தட்டுகிறாள்:
யாராவது போய் வாசலைத் திறங்கள்,
குளிருகிறது.