ஒண்ணு ஜாஸ்தி

மஸ்ஜித் பந்தரில் மூன்றாம் மாடி.
காபா படத்துக்கும் மின்கட்டண அட்டைக்கும் நடுவே
கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம்.
போன மழையில் ஓரம் பூசணம் பூத்துவிட்டது.
மார்ச் முப்பத்தொன்றில் அதற்குச் சாவு.
பிப்ரவரியிலேயே நான் வைத்தியம் தொடங்கிவிடுவேன்.

எதுவும் மாறாவிட்டாலும்
எதுவும் மாறவில்லை என்று
வருடம் தவறாமல் சொல்லியாக வேண்டும்.
டெல்லி சர்வர் இரவு பதினொன்றுக்கு மேல்தான் வாய் திறக்கும்.
ஓடிபி காசம் சேட்டின் போனுக்குப் போகும்.
காசம் சேட் தூங்கியிருப்பார்.
மருமகளை நான் எழுப்ப, அவள் அவரை எழுப்ப,
ஆறு எண்களையும் அவர் குஜராத்தியில் சொல்லச் சொல்ல
ஐந்தாவதில் நேரம் முடிந்துவிடும்.

கொட்டகை வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை,
டாக்டர் தோத்ரேயின் பதிவெண்,
ஒரு தலைக்கு இத்தனை சதுர அடி என்று ஓர் உறுதிமொழி.
எட்டு நாற்பத்திரண்டு ஹார்பர் லோக்கலில்
ஜிடிபி நகரிலிருந்து மஸ்ஜித் வரை
எனக்குக் கிடைப்பதை ஒருநாள் ஸ்கேலால் அளந்தேன்.
எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை.
ஆடுகளுக்கு நான் கஞ்சத்தனம் செய்ததில்லை.

உரிமம்.
உரிமைக்குப் பக்கத்து வீடு.
முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்தினால்
கசாப்புக்காரனுக்கு இடும் கட்டளை.
பதினோரு வருடம் டைப் அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

செப்டம்பரில் ஓர் இரவு
ஷார்ஜாவுக்கு ஆயிரத்து நூற்றிருபது தலை.
சஹார் சரக்கு முனையத்தில்
மூன்றடுக்குக் கூண்டுகளுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.
இரண்டு பத்துக்கு ராம்சஜீவன் கூப்பிட்டான்.
"தீதி, ஒண்ணு ஜாஸ்தி."
எண்ணினதில் பிசகு, திரும்ப எண்ணு என்றேன்.
"பிசகு இல்லை தீதி. ஈரமா இருக்கு."

குறைந்தால் வழி உண்டு.
பயணத்தில் செத்தவை, தொழுவத்தில் செத்தவை,
நொண்டியென ஒதுக்கியவை.
எரித்த இடத்தின் முத்திரைக்குக்கூட ஒரு கட்டம் உண்டு.
ஆட்டோவில் போகப் போக முழுப் படிவத்தையும்
போனில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.
சாவுக்கெல்லாம் இடம் விட்டிருந்தார்கள்.

தோத்ரே தலையில் கைக்குட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்.
சினை இல்லை என்று அவர் கையெழுத்திட்டு நாலு நாள்.
கையெழுத்து பொய்யானால் பதிவெண் போகும்,
பதிவெண் போனால் உரிமம் போகும்,
உரிமம் போனால் என் சம்பளம், ராம்சஜீவனின் கூலி.
காசம் சேட்டின் மருமகள் மட்டும் நிம்மதியாகத் தூங்குவாள்.

குட்டி எழுந்து நின்றது. விழுந்தது.
மஞ்சள் விளக்கில் அதன் முதுகிலிருந்து ஆவி.

"தாய்க்கு முன்னங்கால் நொண்டி" என்றார் தோத்ரே.
எழுதினேன்.
எழுதி முடிக்கும்வரை அது
நாலு காலில் நின்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.
ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது.
நாலு நாற்பதுக்கு விமானம் ஏறியது.
குட்டியைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.
எழுதாததால் அதற்குக் கேடில்லை என்று
அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

நொண்டிகள் தேவ்னார் சந்தைக்குப் போகும். வழக்கம்தான்.
செவ்வாய்க்கிழமை ரசீது வந்தது.
ரசீதில் ஒரு தலை.

மறுபடி பிப்ரவரி.
கடந்த ஆண்டில் எண்ணிக்கை முரண்பாடு ஏதேனும் உண்டா?
இல்லை.
இரண்டு தரம் படித்துவிட்டு அனுப்பினேன்.
இந்த முறை சேட் விழித்திருந்தார்.

புது உரிமத்தைப் பழையதை எடுக்காமல்
அதன்மேலேயே வைத்துச் சட்டத்தை மாட்டினேன்.
உள்ளே ஏற்கெனவே பத்துத் தாள்.
பின்பலகை இப்போது சரியாக மூடுவதில்லை.

ராம்சஜீவனிடம் நேற்றுதான் கேட்டேன்.
கூண்டுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை.
"எந்தக் குட்டி, தீதி?"