ஜன்னல் விளிம்பில் ஒரு காடு

மாசி மாதம் கவுஞ்சிப் பள்ளியில்
வருகைப் பதிவேட்டைத் திறந்ததும்
முதலில் ஊத வேண்டும்.
நேற்று நான் எழுதிய பெயர்களின் மேல்
இன்று மெல்லிய பழுப்பு.

ஐந்தாம் வகுப்பு, பதினோரு பேர்.
பாடம்: காற்றும் மண்ணும்.
தேவை இரண்டு தட்டு, ஒரு மின்விசிறி
என்றது புத்தகம்.
பேக்கரிக்காரர் பன் அடுக்கும் தகரத் தட்டுகளைக் கொடுத்தார்,
கருகிய சர்க்கரை வாசத்தோடு.
ஒன்றில் பூண்டு எடுத்த வயலின் வெறும் மண்.
மற்றதில்
ஓடைக்கரையிலிருந்து வேரோடு பெயர்த்த ஒரு துண்டுப் புல்தரை.
அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த குழந்தைவேலின்
டவுசரெல்லாம் ஈரம்.
வகுப்பு அதற்கு வேறு காரணம் சொல்லிச் சிரித்தது.

விசிறியைப் போட்டேன்.
மூன்று இறக்கைகளையும் தனித்தனியாக எண்ணலாம்,
அவ்வளவுதான் வோல்டேஜ்.
ஒரு துகளும் அசையவில்லை.
"மண்ணு எங்கயும் போகாது டீச்சர்"
முடிவை எழுதி நோட்டை மூடினான் பொன்ராசு.

வெளியே தூக்கிப் போனோம்.
மன்னவனூர்ப் பக்கமிருந்து வரும் காற்றுக்குக்
கரண்ட் வேண்டியதில்லை.
கொடிக்கம்பத்தில் கயிறு அறைந்துகொண்டிருந்தது.
முதலில் பொடி கிளம்பிப் போனது,
போனதே தெரியாமல்.
பிறகு மணல் குதிக்கத் தொடங்கியது.
ஒன்று விழுந்து இன்னொன்றை எழுப்பி
அது விழுந்து இரண்டை எழுப்பி
நொண்டியாட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியதுபோல.
கனத்தவை மட்டும் உருண்டு
தட்டின் ஓரத்தில் யோசித்தன.

அடுத்த தட்டில்
புல் படுத்தது, எழுந்தது,
படுத்தது.
அதற்கு அடியில் நுழையக்
காற்றுக்கு இடம் கிடைக்கவில்லை.

பூண்டு மண்டித் தராசு.
கால் மணி நேரத்தில் வெறும் தட்டு
நூற்று நாற்பது கிராம் இளைத்திருந்தது.
"கிலோ முன்னூறுன்னா நாப்பத்திரண்டு ரூபா"
என்றான் பொன்ராசு.
அது பூண்டு விலை.
மண்ணுக்கு யாரும் விலை சொல்லவில்லை.
புல்தட்டிலும் ஏழு கிராம் குறைவு.
ஈரம் காய்ந்திருக்கும் என்றார்கள் சிலர்,
தராசு பொய் என்றார்கள் சிலர்.
இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இவ்வளவு நேரம் பேசாத மகுடீஸ்வரி
உள்ளே போய்
ஜன்னல் விளிம்பில் படிந்ததை விரலால் வழித்து
உள்ளங்கையில் தேய்த்தாள்.
"இது எங்க காடு."
எப்படித் தெரியும்?
"போன வாரம் அப்பா சுண்ணாம்பு போட்டாரு.
வெள்ளப் புள்ளி பாருங்க."
பார்த்தோம்.
தினமும் காலையில் ஈரத்துணியால் நான் துடைத்து
வாளியில் பிழிந்து
சாக்கடையில் கொட்டிய பழுப்பு.

அப்போதுதான் கேட்டான் குழந்தைவேல்,
எந்தக் குறும்பும் இல்லாமல்:
"அப்ப நம்ம மைதானம் ஏன் டீச்சர் மொட்டையா இருக்கு?"

பொங்கல் கழிந்த வாரம்
அதிகாரி வருகிறார் என்று
பதினோரு பேரையும் குனியவைத்து
ஒரு இணுக்கு விடாமல் பிடுங்கச் சொன்னவள் நான்.
'வளாகம் தூய்மை' என்று
பச்சை மையில் எழுதிவிட்டுப் போனார்.

மதிய உணவு மணி அடித்தது.
வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றியோடு
எந்த மணியையும் கேட்டதில்லை.

சாயங்காலம் மகுடீஸ்வரி
விளிம்பில் இருந்ததையெல்லாம் கூட்டி
ஜியாமெட்ரி பாக்சில் அடைத்துக்கொண்டாள்.
அவர்களுடையதுதானே.
புல்துண்டைக் கொடிக்கம்பத்தடியில் குழி வெட்டி
நான் வைத்தேன்.
அத்தனை பெரிய மொட்டை நிலத்தில்
ஒரு பன் தட்டு அளவுக்குப் பச்சை,
பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை
புல்லுக்குப் பின்புறம், காற்று படாத பக்கத்தில்,
சுண்டுவிரல் உயரத்துக்கு
யாரோ கொட்டிவைத்ததுபோல் புழுதி.

வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று
பதினோரு பேரும் குனிந்தார்கள்,
யாரும் சொல்லாமலே.