சமையலறை டேப்லெட்

வினிப்பெக். கீழ்த்தளம்.
சூடேற்றும் உலைக்குப் பக்கத்தில்
கீல் உடைந்து, மூட முடியாமல்
திறந்தே கிடக்கும் பழைய மடிக்கணினி.
அதுதான் சர்வர்.
நம் புத்தகங்களை எந்தக் கம்பெனியும்
எட்டிப் பார்க்க வேண்டாமென்று
ஒரு நீண்ட வாரக்கடைசியில் நான் அமைத்தது.
பாஸ்வேர்டு நீ வைத்தாய்:
கத்தரிக்காய், நடுவில் இரண்டு எண்கள்.

சொத்துப் பிரித்த தாளில்
கார் இருந்தது, சோபா இருந்தது,
‘ஆவிப் பாத்திரம், ஒன்று’ என்று
இட்லிக் குண்டான்கூட இருந்தது.
இதை எழுத இருவரும் மறந்துவிட்டோம்.
மறந்தோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கால்கரி போய் ஐந்து மாதம், பூரணி.
பதிவேட்டில் இன்னும் வருகிறது
உன் கருவியின் பெயர்: சமையலறை டேப்லெட்.
எந்தச் சமையலறை என்று
அதற்குக் கவலையில்லை.
நேற்று 12.40க்கு, 196ஆம் பக்கம்.
உன் கடிகாரத்தில் 11.40.
தூங்கவில்லையா என்று கேட்கும் உரிமை போயிற்று;
பக்கம் மட்டும் தெரிகிறது.

அதே நாவலை நானும் எடுத்தேன்,
அதே கணக்கில். வேண்டுமென்றுதான்.
‘இன்னொரு கருவி 196இல் இருக்கிறது,
அங்கே போகலாமா?’ என்றது.
ஒரு சிக்கல்: சர்வருக்கு ஆள் தெரியாது,
கடைசியாகச் சொன்ன பக்கம்தான் தெரியும்.
நான் முந்தினால் உன்னையும் அங்கே கூப்பிடும்.
கொன்றவன் யாரென்று
என்னால் உனக்குத் தெரியக்கூடாது.
ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்,
தியேட்டரில், இடைவேளைக்கு முன்பே.
அதனால் வைஃபையை அணைத்துவிட்டுப் படிக்கிறேன்,
அடுத்த வீட்டு மாங்காயைத் தின்பவன்போல.

ஜனவரியில் ஓரிரவு, மைனஸ் முப்பத்துநாலு,
கரண்ட் போனது. உலையும் நின்றது.
போர்வைக்குள் ஃபோன் அதிர்ந்தது.
ஐந்து மாதத்தில் உன் முதல் செய்தி:
‘சர்வர் டவுனா?’

கரண்ட் வந்ததும்
குழாய் உறைந்ததா என்றுகூடப் பார்க்காமல்
கோட்டோடு கீழே ஓடினேன்.
பொத்தானை அமுக்க,
விசிறி இருமிவிட்டுச் சுழன்றது.
‘வந்துடுச்சு’ என்று எழுதினேன்.
அதற்கு மேல் எழுதியதை அழித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பதிவேட்டில் ஒரு வரி.
சமையலறை டேப்லெட். பக்கம் 188.

எட்டுப் பக்கம் பின்னால் போயிருக்கிறாய்.
அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று
உலை முன் குந்திப் புரட்டினேன்.
ஒருவன் தேங்காய் துருவுகிறான்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்,
அவனுக்குக் கேட்கவில்லை.
அவ்வளவுதான்.

மூன்று முறை படித்தேன்,
வைஃபையை அணைக்க மறந்து.