ஒரு புள்ளிக்கு எவ்வளவு அபராதம்

இரண்டு விமானங்களுக்கு நடுவே
பதினான்கு மணி நேரம் கிடைத்தது.
பெட்டியைச் சாங்கியில் ஒப்படைத்தேன்.
சிவப்புப் பேனா மட்டும் சட்டைப்பையில்.
பிழைதிருத்துகிறவள் நான்,
அது மூக்குத்தி மாதிரி, கழற்றுவதில்லை.

பழைய நகரத்தை நடந்தே பார்ப்பதென்று முடிவு.
எழுநூறு வருடமாம்.
சிரித்துக்கொண்டேன்.
எங்கள் பழையாறைப் பக்கம்
அதைவிட மூத்த கல்லில் துணி துவைக்கிறோம்.
சோப்பு நுரைக்குக் கீழே யாரோ ஒரு ராஜா
இன்னும் நிலம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தெலுக் ஆயர் தெரு.
தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர்.
தண்ணீரைத் தேடினேன்,
மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும்
வங்கி ஊழியர்கள்தான் இருந்தார்கள்.
உயிரோடு கரையேறியவர்கள்
நன்றிக்குக் கட்டிய தர்காவும் சீனக் கோயிலும்
அதே திசையைப் பார்த்து நிற்கின்றன.
கடல்தான் எழுந்து போய்விட்டது,
சொல்லாமல்.

கவெனா பாலத்தில் ஒரு பழைய அறிவிப்பு:
மாடுகளும் குதிரைகளும் கடக்கக் கூடாது.
என்னோடு மாடு இல்லை.
கடந்தேன்.

இந்த ஆற்று வாயில் ஒரு பெரும்பாறை இருந்ததாம்,
ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்தோடு.
இடம் வேண்டுமென்று வெடி வைத்தார்கள்.
ஐம்பது வரி!
நான் ஒரு வரி வெட்டுவதற்கே
ஆசிரியரிடம் இரண்டு முறை கேட்பேன்.

பிறகு மலை.
ஏறக் கூடாதென்று ஒரு காலத்தில் ஊரே அஞ்சியது.
இப்போது நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள்.
நடந்தே என்ற சபதத்தால் அதைத் தவிர்த்தேன்,
பாதி ஏறியதும் சபதத்தைத் திட்டினேன்.
மேலே கூரையின் கீழ் ஒரு குழி,
அடுக்கடுக்காய் மண்,
ஒரு பச்சைக் கிண்ணத்தின் விளிம்பு.
கைதவறிப் போட்டவள்
அன்றைக்கு யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளோ.

இறங்கும்போது மழை.
இந்த ஊர் மழை முன்னறிவிப்பு எதுவும் தருவதில்லை,
நேராக வந்துவிடுகிறது.
கட்டுமானத் தகரத்தை ஒட்டி ஒதுங்கினேன்.
முகத்துக்கு நேரே நான்கு மொழிப் பலகை.
கடைசியில் நம்முடையது:
'உள்ளே நுழையாதீரகள்'.

ரகரத்துக்குப் புள்ளி இல்லை.

பேனா கைக்கு வந்துவிட்டது, தானாக.
பக்கத்துப் பலகையில்
எதெதற்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியல்.
புள்ளிக்கு எவ்வளவு என்று அதில் இல்லை.
"அக்கா, எழுதிடாதீங்க, கேமரா இருக்கு."
மஞ்சள் தலைக்கவசம், அதில் மார்க்கரில் 'தவசி'.
முதுகுளத்தூர்ப் பேச்சு.
"புள்ளி விட்டுப்போச்சு தம்பி."
"ரெண்டு வருசமா அப்படித்தான்க்கா இருக்கு.
நாங்களும் தினம்
உள்ள நுழைஞ்சுகிட்டுத்தான் இருக்கோம்."

பேனாவை மூடினேன்.
விரலை மழையில் நனைத்து
ரகரத்தின் தலையில் வைத்தேன்.
அவன் குனிந்து பார்த்தான்.
"இப்பச் சரியா?"
"காயும் வரைக்கும்."

அருங்காட்சியகத்தில் அந்தப் பாறையின் மிச்சம்.
ஒரு துண்டு, தேய்ந்து,
உப்புக்காற்று தின்றது போக மீதி.
வளைவுகள், கோடுகள்,
வரி என்று தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை.
இதுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லையாம்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.
முப்பது வருடத்தில் முதல் முறையாக
பிழை எங்கே என்று சொல்ல முடியாத ஒரு பக்கம்.
இதில் ஏதாவது ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கலாம்.
வெட்டியவனுக்கு அது தெரிந்திருக்கலாம்.
தெரிந்தும், யார் படிக்கப்போகிறார்கள் என்று
உளியைக் கீழே வைத்திருக்கலாம்.

காவலுக்கு நின்ற ரொஹானா
மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.
அவளுக்கும் கால் வலித்திருக்கும்,
நாள் முழுக்க இந்த ஒரு கல்லருகே.

விமானத்தில் நீட்டிய உணவு அட்டையில்
இரண்டு பிழைகள்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
இறங்கும் நேரம்
கால் வீங்கி ஷூவுக்குள் போக மறுத்தது.
நுழையாதீர்கள் என்று எழுதி,
புள்ளியெல்லாம் சரியாக வைத்திருந்தது போல.