பயிற்சி பதினான்கு

கம்பெனியில் என் வேலை இது:
ஆயிரத்து இருநூறு பனியனில்
எண்பதை உருவி விளக்கடியில் விரிப்பேன்.
ஐந்து பழுது வரைக்கும்
அத்தனையும் கப்பல் ஏறும்.
ஆறாவது ஓட்டை
மீதி ஆயிரத்து நூற்றி இருபதையும்
பார்க்காமலே திருப்பி அனுப்பும்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் சொன்னார்:
"நீங்க பாத்ரூமே கதின்னு கெடந்தா டார்கெட் கொறையும்.
டார்கெட் கொறஞ்சிருக்குது.
அப்பறம் என்ன, கணக்கு சரியாப் போச்சல்ல?"
பதினோரு பேர் நின்றோம்.
அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது.
எந்தத் தையலில் என்று
விரல் வைக்கத் தெரியவில்லை.

ஞாயிறு, உக்கடம், பழைய புத்தகக் கடை.
"தர்க்கம் படிக்கோணுமுங்க" என்றேன்.
"சண்டைக்கா, பரீட்சைக்கா?" என்றார் இத்ரீஸ் பாய்.
"ரெண்டுக்கும் நடுவுலீங்க."

முதலில் நீட்டியது பேங்க் பரீட்சை கைடு.
வட்ட மேசையில் எட்டுப் பேர்.
கீதாவுக்கு எதிரே ரவி இல்லை.
ரவிக்கு வலப்பக்கம் யார்?
விடை: இ.
ஏன் இ என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
எட்டுப் பேரும் எதற்காக
அந்த மேசைக்கு வந்தார்கள் என்றும் இல்லை.

அடுத்தது தலையணை கனம்.
அன்னமெல்லாம் வெள்ளை என்று ஆரம்பித்து
நாற்பது பக்கம் அன்னத்தை விடவில்லை.
நான் பார்த்ததெல்லாம் நொய்யலில் ஒரு நாரை,
அதுவும் சாயத்தில் நின்று நின்று
இன்ன நிறம் என்று சொல்ல முடியாதது.

மூன்றாவதுக்கு அட்டை இல்லை.
உள்தாளில் அளவையியல் என்று இருந்தது,
ஒரு கல்லூரி நூலக முத்திரை,
அதன் தலைமேல் ஊதாவில்
நீக்கப்பட்டது.
பழக்க தோஷம், அங்கங்கே உருவிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் கரையான். ஒன்றில் வரி தலைகீழ்.
மூன்று தாள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை.
ஆறாவதைத் தேடித்தான் பின்னால் புரட்டினேன்.

பயிற்சி பதினான்கு.
கரண்ட் போனால் தறி நிற்கும்.
தறி நின்றிருக்கிறது.
ஆகவே, கரண்ட் போயிருக்கிறது.
இம்முடிவு செல்லுமா?
கடைசித் தாளில் அச்சடித்த விடை: செல்லும்.

ஆறு.

கீழே வைக்கப் போனேன்.
ஓரத்தில் பென்சில், சாய்ந்த எழுத்து:
செல்லாது.
நூல் அறுந்தாலும் நிற்கும்.
பாவு தீர்ந்தாலும் நிற்கும்.
அப்பா செத்த அன்னைக்கு
கரண்ட் இருந்துச்சு.
ரா. பூவாத்தாள், மூன்றாம் ஆண்டு.

வெயிலிலேயே நின்று மூன்று தரம் படித்தேன்.
டீ குடித்துவிட்டு வந்த பாய் "எரநூறு" என்றார்.
"அட்டைகூட இல்லீங்களே?"
"ஆறு வருசமா ஒருத்தரும் கேக்கலைம்மா. அவ்வளவு அபூர்வம்."
"ஆருமே கேக்காததுன்னா சல்லிசா அல்லங்க குடுக்கோணும்?"
நூற்றி நாற்பதுக்கு முடிந்தது.
அவர் சொன்னதா நான் சொன்னதா,
எது செல்லும் என்று
சூலூர் தாண்டும்வரை யோசித்தேன். பிடிபடவில்லை.

பதினைந்தாம் பயிற்சியில் பென்சில் இல்லை.
அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.
கல்யாணம் ஆகியிருக்கும் என்றுதான்
முதலில் தோன்றியது, எனக்கே.
திருப்பித் தரும் தேதி வந்திருக்கலாம்.
பென்சில் தொலைந்திருக்கலாம்.
மீதியெல்லாம் சரி என்று
விட்டிருக்கலாம்.

என் பையில் பேனா இல்லை.
பழுது காட்ட ஒட்டுகிற
சிவப்பு அம்புகள் ஒரு தாள் இருந்தது.
பஸ் குலுக்கலில் ஒன்றை உரித்து,
பதினான்குக்குத் திரும்பி,
'ஆகவே'வுக்கு நேராக
ஒட்டினேன்.