பதினைந்தாம் திகதிக்குள்

போகக் கூட்டத்தில் கடைசி வரிசைக் கதிரை எனக்கு.
ஒலிவாங்கி இரண்டு தரம் இருமிவிட்டுச் சொன்னது:
ஒக்டோபர் பதினைந்துக்குள் மாடெல்லாம்
வயற்கண்டத்தை விட்டு வெளியேற வேண்டும்,
பிறகு நின்றால் தலைக்கு ஆயிரம்.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்,
எனக்கும் இரண்டு ஏக்கர் வேளாண்மை இருக்கிறது.

எங்கே கொண்டு போக என்று எழும்பிக் கேட்டேன்.
"அது வேற திணைக்களம், அக்கா."
பிறகு வாய்க்கால் துப்புரவு பற்றிப் பேசினார்கள்.
வடை வந்தது.

நூற்று நாற்பத்து மூன்று.
காதுகளில் மஞ்சள் அட்டை, அரசாங்கம் குத்திய இலக்கம்.
மாட்டுக்குப் பதிவு உண்டு,
அது தின்கிற புல்லுக்கு இல்லை.

பதினான்காம் இரவு சித்தாண்டியில் பெருந்தெருவைக் கடந்தோம்.
முன்னுக்குக் கதிராமத்தம்பி, டோர்ச்சோடு.
பின்னுக்கு நான், பிந்துகிற கன்றுகளோடு.
கொழும்பு பஸ் ஒன்று விளக்கை அணைத்துக் காத்து நின்றது.
யாரோ ஜன்னலால் எண்ணினார்கள்,
நாற்பதோடு விட்டுவிட்டார்கள்.

பாலைமடு.
போன வருசம் பட்டி அடைத்த இடத்தில்
சோளன் நெஞ்சளவுக்கு நின்றது.
சாணி உரத்தில் நல்ல பச்சை.
அது எங்கள் சாணி என்று
கதிராமத்தம்பி காறித் துப்பினான்.
மற்றப் பக்கம் வன இலாகாவின் எல்லைக்கல்,
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
கல்லுக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு கிழமைக்குக் காணாத புல்.

பால் வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது.
கறந்ததைக் கேனில் கட்டி
மோட்டார் சைக்கிளில் பதினேழு கிலோமீற்றர்.
புளித்தால் திருப்பிக் கொடுப்பார்கள்.
புளித்தது.
நாய்கள் குடித்தன, நன்றாகத்தான் இருந்ததாம்.

நான்காம் நாள் விடிய
செங்காரி ஓடைக்கரையில் நின்றாள்.
நின்றாள் என்றுதான் சொல்லலாம்.
கீழ்த்தாடை இருந்த இடத்தில்
ஒன்றுமில்லை.
பன்றிக்கு வைத்த பூசணித்துண்டு,
உள்ளே வெடிமருந்து.
அவளுடைய கன்று பின்காலுக்குள் முட்டி முட்டிக் குடித்தது,
அவளும் விட்டுக்கொண்டு நின்றாள்.

சோளனுக்குள்ளிருந்து ஹீன்பண்டா வந்தான்.
சாரத்தை மடித்துக் கட்டி, கையில் வாளித் தண்ணீர்.
"மம நெமெயி," என்றான். நானில்லை.
கேட்காமலே மூன்று தரம்.
நம்பினேனா என்று எனக்குத் தெரியாது.
தண்ணீரை வாங்கினேன்.
ஊற்ற வாய் இல்லை.
நெற்றியில் ஊற்றினேன்.

பிறகு அவன் தன் கடதாசியைக் காட்டினான்,
பொலித்தீன் உறைக்குள் மூன்றாய் மடித்தது.
நானும் என்னுடையதை எடுத்தேன்,
உதவி அரசாங்க அதிபர் ஒருவர் எழுபத்தாறில் ஒப்பமிட்டது.
அவனுடையதை என்னால் வாசிக்க முடியவில்லை,
என்னுடையதை அவனால்.
இரண்டிலும் ஒரே சிங்கம்
ஒரே வாளைப் பிடித்திருந்தது.

பொலிசில் முறைப்பாடு எழுதியவர் பேனையைத் தட்டினார்:
"மாடு விழுந்தது யார் காணியில்?"
ஓடை, என்றேன்.
ஓடை எந்தப் பிரிவு?
விழவில்லை ஐயா, விழ இரண்டு நாள் எடுத்தாள்,
அதற்குள் ஓடையும் கடந்து நடந்தாள்.
அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
"இறப்பு: ஒன்று" என்று மட்டும் எழுதினார்.

திரும்பி வருகிறோம்.
நூற்று நாற்பத்திரண்டு,
அதில் ஒன்று போத்தல் பால் குடிக்கிற கன்று.
வயலில் நேற்று விதைத்துவிட்டார்கள்,
என்னுடைய இரண்டு ஏக்கரிலும்தான்,
தம்பி விதைத்து முடித்ததாய்ப் போன் எடுத்தான்.
கால் வைத்தால் ஆயிரம்.
காட்டுக்குப் போனால் வழக்கு.

ஆகவே வீதி.
தார் இன்னும் பகற்சூட்டை வைத்திருக்கிறது.
மாடுகளுக்கு அது பிடித்துவிட்டது,
வெள்ளைக் கோட்டின் மேல் ஒவ்வொன்றாய்ப் படுத்து
அசைபோடுகின்றன,
என்னத்தையோ.

லொறிகள் இரு பக்கமும் வால்பிடித்து நிற்கின்றன.
ஒரு சாரதி இறங்கி வந்து
ஹெட்லைட் வெளிச்சத்தில் கத்துகிறான்:
ஆர்ட மாடு இதெல்லாம்?

இத்தனை நாளில் எனக்குப் பதில் தெரிந்த
ஒரே கேள்வி.
கையைத் தூக்குகிறேன்.
என்ட.