நூற்றுக்கு ஐம்பத்தாறு

பக்ஸ்டன் சூளையில் இரவுப் பணி.
ஆய்வகத்தில் எனக்கு ஒரே கணக்குத்தான்:
நூறு கிராம் கல் உலைக்குள் போகும்,
ஐம்பத்தாறு திரும்பி வரும்.
நாற்பத்து நான்கு காற்றாகி
புகைபோக்கி ஏறி
டெர்பிஷயர் மேகத்துக்குள் போய்விடும்.
படிவத்தில் அந்தக் கட்டத்தின் பெயர்
இழப்பு.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
இங்கே பாரபட்சமில்லை,
இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி.

எந்தக் கல் என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு அமிலம்.
மணற்கல் வாய் திறக்காது.
எரிமலையில் பிறந்த கருங்கல்
அதைவிட அழுத்தம்.
சுண்ணாம்புக்கல்தான் சுர்ரென்று பொங்கி
உள்ளதையெல்லாம் கொட்டும்:
வெதுவெதுத்த கடல், கடல் அல்லித் தண்டுகள்,
முப்பத்து மூன்று கோடி ஆண்டு,
தேவர்களுக்கு ஆளுக்கு ஒன்று.

நேற்று லாரிக்கார டெஸ்மண்ட்
தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை.
சுட்ட கல்லில் மழை இறங்கியது.
தீ இல்லை, கொதித்தது.
லாரியே சீறிக்கொண்டு நின்றது.
எஃகு ஆலைக்குப் போகவேண்டிய சரக்கு.
"உன் கணக்கில் இதுவும் இழப்பா?" என்றான்.

நனைந்ததில் இரண்டு வாளி அள்ளிப்போய்
கோழிக்கொட்டகைச் சுவருக்குப் பூசினானாம்.
பூசட்டும்.
அந்தச் சுவர் இனி ஊர்க்காற்றை மெல்ல இழுத்து
வருடக்கணக்கில்
போன நாற்பத்து நான்கையும் வாங்கிக்கொண்டு
மறுபடி கல்லாகும்,
கோழிகளுக்குத் தெரியாமல்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் 'வரவு' என்று எழுதினேன்.
மேலாளர் ஹெதர் அழித்துவிட்டாள்.
நல்ல ரப்பர் அது;
அதிலும் பாதி சுண்ணாம்புதான்.